சான்றிதழின்படி வயது

ஒருவருக்குக்கூடச் சிகிச்சை மறுக்கப்படவில்லை என்று அமைச்சர் அவையில் சொன்னது உண்மைதான். நலவாழ்வு வரிச் சட்டத்தின் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில் 'மறுப்பு' என்ற சொல்லே இல்லை. 'சீர்திருத்தக் காலம்' என்ற சொல் இருக்கிறது. அதன் நீளம் இரண்டு ஆண்டுகள்.

இந்த மாதிரிச் சொற்களை மக்களுக்குப் புரியவைப்பதற்காக, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆணையம் மாவட்டத்துக்கு ஒரு விளக்க அலுவலரை நியமித்திருந்தது. தூத்துக்குடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கோமதிநாயகம். குறை கேட்பது அவருடைய வேலை அல்ல. குறை என்று நினைத்துக்கொண்டு வருகிறவரிடம் அது குறையே அல்ல என்று பொறுமையாகச் சொல்லி, கடைசியில் மேசைமேல் இருக்கும் திரையில் 'விளக்கம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கட்டைவிரலை வைக்கச் சொல்வதுதான் வேலை. சட்டம் வந்த பதினேழு மாதங்களில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் விரல் வைத்திருந்தார்கள். தென்மண்டலத்தில் அதுதான் அதிகம். அவர் கத்த மாட்டார், எரிந்து விழ மாட்டார், வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பார். அதோடு, தான் சொல்வதை அவர் நம்பினார்.

2031 ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, நாற்பத்தேழாம் எண் டோக்கனோடு சலேத் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். கூட்டுறவு ரேஷன் கடையில் விற்பனையாளர். கணவர் தொபியாஸ் கொரேரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இதையெல்லாம் கோப்பு சொன்னது. மிச்சத்தை அவள் சொன்னாள்.

"அவுகளுக்கு நெஞ்சுல மூணு குழா அடைப்பு சார். ஒன்றரை மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு. இன்சூரன்ஸ்ல கேட்டா ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கங்காவ. அதுவரைக்கும் அவுகள எங்க வச்சிருக்க? ஐஸ்பெட்டியிலயா?"

கோமதிநாயகம் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்கல்லம்மா, அதுல உடம்போட வயசு தெரிஞ்சிரும். அஞ்சாறு மாசத்துக்கு மேல பிசகாது. சான்றிதழ்படி உங்க வீட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு. உடம்புக்கு அறுபதரை. நாலு வருஷத்துக்கு மேல கூடிட்டா அது அலட்சியப் பிரிவு. ரெண்டு வருஷம் தினமும் நடந்து, சாப்பாட்டைக் குறைச்சு, உடம்போட வயச இறக்கிக் காட்டினா ஆபரேஷனுக்கு முழுப் பணமும் கிடைக்கும்."

"யாரு அலட்சியம்?"

"சட்டம் அப்படிச் சொல்லுதும்மா."

"அவுக பீடி தொட்டதில்ல. கிறிஸ்மஸுக்குக்கூட ஒரு கிளாஸ் எடுத்ததில்ல. ஊர்ல எல்லாரும் கேலி பண்ணுவாக, கொரேரா வீட்டுக்குப் போனா மோர்தான் கிடைக்கும்னு."

"நான் அவரைக் குத்தம் சொல்லல. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உடம்பப் பேணினவனும் பேணாதவனும் ஒரே மாதிரி வருமான வரி கட்டுதது நியாயமா? இப்ப உடம்பு வயசு குறைவா இருந்தா வரியில தள்ளுபடி, கூட இருந்தா கூடுதல் வரி. குடிச்சுக் கெடுத்துக்கிட்டவனோட ஆஸ்பத்திரிச் செலவ இன்னொருத்தன் எதுக்குச் சுமக்கணும்? அரசாங்கம் நல்லா யோசிச்சுத்தான்…"

சலேத் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும் குடும்பம் ஒன்று, அதன் கீழே பெரிய எழுத்தில்: உடல் பொய் சொல்லாது.

"சரியாத்தான எழுதி ஒட்டியிருக்கீங்க" என்றாள். "உடம்பு பொய் சொல்லல சார். அவுகளுக்கு வயசு அறுபதரைதான்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். புன்னைத்துறைப் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல். தொபியாஸ், பிறப்பு 11 பிப்ரவரி 1971.

"அவுக அப்பா கடல்ல போனப்ப அவுகளுக்கு ஆறு வயசு. மூணு வருஷம் கரையில மீன் காயப்போட்டாக. அப்புறம் சாமியாரு பிடிச்சு இழுத்துட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டாரு. ஒம்பது வயசுப் பையன ஒண்ணாப்புல எப்படிச் சேக்க? ஆளு குள்ளமா, கூழையா இருந்தாக. பெரிய வாத்தியாரு பாத்துட்டு, அஞ்சுன்னு போட்டுக்கலாம்னு ஜூன் ஒண்ணு எழுபத்தஞ்சுன்னு எழுதிட்டாரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான் சார் பிறந்தநாளு. அது வாத்தியாரு வச்ச தேதி."

கோமதிநாயகத்தின் திரையில் இதற்கும் பதில் இருந்தது. அவர் வாசித்தார்: "வயதைப் பொறுத்தவரை கல்விச் சான்றிதழே இறுதியானது."

"அப்ப ரத்தத்தையும் நம்புவீங்க, பேப்பரையும் நம்புவீங்க. எங்கள மட்டும் நம்ப மாட்டீங்க."

"நான் என்னம்மா செய்ய…"

"எனக்கும் தெரியும் சார். நானும் கவர்மெண்டு வேலைதான். சர்வர் இல்ல, நாளைக்கு வாங்கன்னு தினமும் பத்துப் பேரத் திருப்பி அனுப்புதேன். ஆனா சர்வர் இருக்கும்போது இல்லன்னு சொன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது."

திரையை அவள் பக்கம் நகர்த்தினார். விரல் வைக்காமல் எழுந்து போனாள்.

அன்று பிற்பகல் கோமதிநாயகம் மாவட்டத்தின் அலட்சியப் பிரிவுப் பட்டியலைத் திறந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பிறந்த தேதி வாரியாக அடுக்கச் சொன்னார். மேலிருந்து கீழே விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். ஜூன் 1, ஜூன் 1, மே 31, ஜூன் 1, ஜூன் 5, ஜூன் 1. நானூற்று முப்பத்தொரு பேர், பள்ளிக்கூடம் திறக்கிற அந்த நாலைந்து வாரத்துக்குள் பிறந்திருந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். உப்பளத்து மேஸ்திரிகள், ஓட்டுநர்கள், மின்வாரியக் கம்பியாளர்கள், சத்துணவு அமைப்பாளர்கள். ஆஸ்பத்திரியில் பிறந்து கையோடு பிறப்புச் சான்றிதழ் வாங்கிய தலைமுறையில் அந்த ஜூன் கூட்டம் இல்லை.

பதினேழு மாதங்களாக இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்றாக அடுக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தார். கோமதிநாயகத்துக்குச் சான்றிதழில் ஐம்பத்து நான்கு. உடல் வயது ஐம்பத்தொன்று. வரியில் தள்ளுபடியோடு, 'முன்மாதிரிக் குடிமகன்' என்று ஆணையத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் வந்திருந்தது. காலை நடையும் கம்பங்கூழும்தான் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிவந்தார்.

"எக்கா, என்னைய எத்தன வயசுல பள்ளிக்கூடத்துல சேத்தாக?"

"இப்ப எதுக்குல கேக்க? உனக்கு அப்ப மூணு நடந்துச்சு. நான் பள்ளிக்கூடம் போனா நீ தெருவுலயே புரண்டு அழுவ. அம்மா வயலுக்குப் போணும். தொல்ல தாங்காம எங்கூடவே கொண்டாந்து விட்டாக. கைய தலைக்கு மேல சுத்திக் காதத் தொடச் சொன்னாக, உனக்கு எட்டல. பெரிய வாத்தியாரு உன் தலையப் புடிச்சு ஒரு பக்கமாச் சாச்சு, தொட்டுட்டாம்லா, போதும்னு சொல்லிட்டாரு." அக்கா சிரித்தாள். "ஏன், ரிட்டையர்மெண்டு சீக்கிரம் வருதேன்னு கவலையா?"

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பதினொரு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். இருபத்தாறு வருட அரசுப் பணியில் யாரும் கேட்காமல் அவர் எழுதிய முதல் அறிக்கை அதுதான். தலைமையாசிரியர்கள் உத்தேசமாக எழுதிய தேதிகளை மனித உடலின் குற்றமாகக் கணக்கிடுகிறோம் என்று எழுதினார். அலட்சியப் பிரிவின் பத்தில் ஏழு பேர் அலட்சியமானவர்கள் அல்ல, முறையாக வயதானவர்கள் என்று எழுதினார். தொபியாஸ் கொரேராவின் வழக்கை உதாரணமாகச் சேர்த்து, மேல்முறையீட்டில் அவசர விசாரணைக்குப் பரிந்துரைத்தார். உண்மையைச் சரியான மேசையில் வைத்தால் போதும் என்று அப்போதும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து துணை இயக்குநர் சம்யுக்தா அழைத்தாள். முப்பத்து நான்கு வயது. கெட்டிக்காரி. கோமதிநாயகத்தின் மேல் மரியாதை உள்ளவள்.

"சார், ரிப்போர்ட் படிச்சேன். பிரமாதம். ஆனா இது எங்களுக்கு முதல் மாசமே தெரியும்."

"தெரியுமா மேடம்?"

"கிராஃப் போட்டா ஜூன் ஒண்ணுல கோபுரம் மாதிரி நிக்குது சார். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப ஏன் திருத்தல?"

"தள்ளுபடி ரெண்டு கோடிப் பேருக்குப் போகுது. எல்லாம் முப்பது, நாப்பது வயசு. இதுவரைக்கும் எந்த அரசாங்கமும் எங்களுக்கு ஒண்ணும் தரலன்னு சொல்லிட்டிருந்தவங்க. அந்தப் பணம் எங்கேருந்து வருது? உங்க ஜூன் ஒண்ணுகிட்டேருந்துதான். அதை எடுத்துட்டா திட்டமே நிக்காது."

"மேடம், ஒரு மனுஷன் செத்துப்போவான்."

"நான் சட்டம் எழுதல சார்" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "விளக்கக் குறிப்பு ஒண்ணு வருது. கோடையில பிறந்த குழந்தைகளுக்கு உடம்பு இயல்பாவே சீக்கிரம் தேயுதுன்னு ஒரு ஆய்வு. அமைச்சர் அடுத்த வாரம் அவையில சொல்லப்போறார். யாராவது கேட்டா அதைச் சொல்லுங்க."

"நீங்க அத நம்புதீங்களா?"

"எங்க அப்பாவுக்கும் ஜூன் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அமைச்சர் அடுத்த வாரம் அவையில் அதைச் சொன்னார். அறிவியலை எதிர்ப்பவர்கள் ஏழைகளின் எதிரிகள் என்றும் சொன்னார். மேசைகள் தட்டப்பட்டன. அன்று மாலை தொலைக்காட்சியில் மருத்துவர் ஒருவர் மே மாத வெயிலையும் கருவில் இருக்கும் சிசுவையும் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. யாரோ கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு நேர்மையாகச் சிந்தித்துக்கொண்டிருந்தார். நாட்டில் நடக்கும் அநியாயங்களில் பாதி இந்த மாதிரி நேர்மையானவர்களின் உழைப்பால்தான் நடக்கிறது.

செப்டம்பர் மூன்றாம் தேதி தொபியாஸின் விசாரணை நடந்தது. ஆட்சியர் வளாகத்தின் பின்கட்டில் குளிரூட்டிய அறை. மேல்முறையீட்டுக் குழுத் தலைவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். மற்ற இரண்டு உறுப்பினர்கள் திரையில் இருந்தார்கள். கோமதிநாயகம் விளக்க அலுவலர் என்ற முறையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்.

தொபியாஸை அவர் அன்றுதான் முதலில் பார்த்தார். குள்ளமான, அகன்ற தோள்கள் கொண்ட மனிதர். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

"லிஃப்ட் வேலை செய்யலையா?" என்று தலைவர் கரிசனமாகக் கேட்டார்.

"செய்யுது சார். ரெண்டு மாடிதானன்னு நடந்துட்டேன். நாப்பது மீட்டர் உசரத்துல உக்காந்து வேல பாக்குதவன் லிஃப்ட்டுல வந்தா இவ சிரிப்பா." சலேத்தைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

தலைவர் ஞானஸ்நான நகலைக் கையில் எடுத்தார். "மிஸ்டர் கொரேரா, உங்க முன்னால ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சான்றிதழ் சரி. அப்படின்னா உங்க உடம்பு நாலு வருஷம் நாலு மாசம் கூடுதலாத் தேஞ்சிருக்கு. சீர்திருத்தக் காலம் தொடரும். ரெண்டு, இந்தக் கோயில் காகிதம் சரி. அப்படின்னா உங்க உடம்பு கச்சிதமா இருக்கு, வாழ்த்துகள். ஆனா நீங்க போன பிப்ரவரியிலேயே ஓய்வு பெற்றிருக்கணும். ஊழியர் காப்பீடும் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. பொய்யான தேதியில வேலைக்குச் சேர்ந்ததுக்குத் தனி நடவடிக்கை வரும்."

"ரெண்டுல எதுல ஆபரேஷன் உண்டு?" என்று சலேத் கேட்டாள்.

தலைவர் பக்கவாட்டில் திரும்பினார். "விளக்க அலுவலர் விளக்குவார்."

கோமதிநாயகம் தண்ணீர்க் குவளையைச் சலேத் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டுலயும் இல்லன்னு சொல்ல ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்" என்றாள் சலேத். "பெரியாஸ்பத்திரியில கேட்டாச்சு சார். அங்கயும் உங்க பட்டியல்தான். அலட்சியப் பிரிவுக்கு வரிசை பதினாலு மாசம். பதினாலு மாசம் இவுக இருக்க மாட்டாக, டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க உள்ளதச் சொல்லுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "வேல போனாப் போகட்டும். கேஸ் போட்டா போடட்டும். உள்ளதச் சொல்லிட்டு, ஊர்ல கையேந்தியாவது ஆபரேஷன் பண்ணுவோம். நீங்க அந்த அலட்சியம்னு போட்டிருக்கத முதல்ல அழிங்க சார்."

தொபியாஸ் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சொல்லத்தான் போனார்.

"ஒரு நடைமுறை இருக்கு" என்றார் தலைவர். "போன வாரம் வந்த திருத்தம். கோயில் பதிவேட்டைச் சான்றா ஏத்துக்கிட்டா ஒரு பக்கத்தை மட்டும் ஏத்துக்க முடியாது. முழுப் புத்தகத்தையும் ஆணையம் எடுத்து, பள்ளிச் சான்றிதழ்களோட ஒப்பிட்டுப் பார்க்கும். இதுக்கு நாங்க கோமதிநாயகம் சாருக்குத்தான் நன்றி சொல்லணும்." மேசையில் இருந்த பதினொரு பக்க அறிக்கையை விரலால் தட்டினார். "இந்த மாவட்டத்துல மட்டும் நானூத்து முப்பத்தொரு பேர். வயசைக் குறைச்சு வேலைக்கு வந்தவங்க, கூடுதல் காலம் சம்பளம் வாங்கினவங்க, இப்ப பென்ஷன் வாங்கறவங்க. எல்லாத்தையும் திரும்ப வசூலிக்கலாம். இதே வேலையை எல்லா மாவட்டத்துலயும் செய்யப்போறோம். நல்ல வேலை சார்."

"முழுப் புஸ்தகமுமா?" என்றார் தொபியாஸ்.

"சான்றுன்னா முழுசாத்தானே."

"அதுல எங்க ஊரே இருக்கு சார்."

"உண்மைதானே இருக்கு? பயம் எதுக்கு?"

தொபியாஸ் கோமதிநாயகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கோமதிநாயகத்துக்கு எளிதாக இருந்திருக்கும். வழி கேட்டவருக்குத் தெரியாமல் தப்பான தெருவைக் காட்டிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"எம் பிறந்தநாளு ஜூன் ஒண்ணு, எழுபத்தஞ்சு."

"அப்ப இந்தக் காகிதம்?"

"அது எங்க அண்ணன் சார். சின்னதுலயே காய்ச்சல்ல போயிட்டான். அவன் பேரத்தான் எனக்கு வச்சாக. எங்க பக்கம் அப்படி உண்டு. இவ தெரியாம எடுத்துட்டு வந்துட்டா."

சலேத் எழுந்து நின்றாள். வாய் திறந்தது. தொபியாஸ் அவளை நிமிர்ந்து பார்க்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பிகள் இரண்டு பேரின் பெயர்களும் அந்தப் புத்தகத்தில் இருந்தன.

தொபியாஸ் திரையில் விரல் வைத்தார். விளக்கம் பெற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, அப்படியும் பதிவேட்டைக் கேட்டுப் போன ஆணையத்து ஆட்களிடம், அதைக் கரையான் அரித்துவிட்டது என்று பங்குச்சாமியார் சொன்னார். கரையான் எங்கே என்று கேட்டதற்கு, தின்றுவிட்டுப் போய்விட்டது என்றார்.

சீர்திருத்தக் காலத்தில் இருப்பவர் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். நாளொன்றுக்கு எட்டாயிரம் காலடி நடக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் இரண்டு ஆண்டுகளும் முதலிலிருந்து தொடங்கும். கூடுதல் வரி இரட்டிப்பாகும். மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சலேத் ஆணையத்துக்கு அனுப்பினாள். சிகிச்சைக்குப் பிறகு அதைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பட்டையைத் தெருநாய் கழுத்தில் கட்டி ஓட்டிப்பார்த்தார்கள். நாடித்துடிப்பை வைத்துப் பட்டை கண்டுபிடித்துவிட்டது. தம்பிகளில் ஒருவன் கட்டிக்கொண்டு நடந்தான். அதையும் கண்டுபிடித்தது.

தொபியாஸ் கடற்கரைச் சாலையில் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று நின்று நடந்தார். ஊர்க் கமிட்டி வீடு வீடாகப் போய்ப் பாதிப் பணத்துக்கு மேல் சேர்த்துவிட்டிருந்தது. செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை, உப்பு லாரிகள் திரும்பும் வளைவில் அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். அதன்பின் எழுந்திருக்கவில்லை. அன்றைய இலக்கில் ஐயாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள் முடிந்திருந்ததாகப் பட்டை தெரிவித்தது.

அந்த மாதத்துக்கான மாவட்ட அறிக்கை கோமதிநாயகத்தின் மேசைக்கு வந்தது. தொபியாஸ் கொரேரா, ஐம்பத்தாறு வயது, அலட்சியப் பிரிவு, மாரடைப்பு. முன்கூட்டிய மரணம் பற்றிய கணிப்பு என்ற கட்டத்தில் 'சரி' என்று பச்சை நிறத்தில் குறி இருந்தது. அறுபது வயது மனிதரைச் சிகிச்சையில்லாமல் சாகவிட்டு, ஐம்பத்தாறில் இறந்தார் என்று எழுதி, பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோம் என்று அந்தக் குறி சொன்னது. இப்படி நாடு முழுக்கச் சேர்ந்த பச்சைக் குறிகளைத்தான் அமைச்சர் அடுத்த கூட்டத்தொடரில் திட்டத்தின் வெற்றிக்கு ஆதாரமாகக் காட்டினார்.

அக்டோபரில் சலேத்திடமிருந்து ஒரு மனு வந்தது. விவரம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி.

'கல்லறையில் என்ன வயசு எழுத?'

திரை வழக்கம்போலப் பதிலைத் தயாராக வைத்திருந்தது: சான்றிதழின்படி வயதைக் குறிப்பிடவும். அனுப்பு என்ற பொத்தான் நீல நிறத்தில் துடித்தது. பதில் அனுப்ப இருபத்தொரு நாள் அவகாசம். அவர் ஒவ்வொரு நாளும் அந்த மனுவைத் திறந்தார், மூடினார்.

கெடு முடிவதற்கு முந்தைய நாள் நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் திருநாள். பிற்பகலில் பேருந்து ஏறிப் புன்னைத்துறைக்குப் போனார். கோயிலுக்குப் பின்னால் மணல்மேட்டில் கல்லறைத் தோட்டம். ஊரே அங்கே இருந்தது. புல் பிடுங்குகிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், பந்து பந்தாகச் செவ்வந்தி. மெழுகுவத்தி விற்கிறவன் பத்து ரூபாய்க்கு மூன்று என்று கூவிக்கொண்டிருந்தான்.

தொபியாஸின் கல் புதிது. கறுப்பு நிறம். பெயர் இருந்தது. இறப்பு 25.9.2031 என்று இருந்தது. பிறப்பு என்ற சொல்லே இல்லை.

சலேத் பக்கத்துக் கல்லறையருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் கொத்தனார் கரண்டி. அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"போன வாரம் உங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்து, கல்லெல்லாம் போட்டோ எடுத்தாக" என்றாள். "ஒரு வரிசை எடுத்தாச்சு. மிச்சத்துக்கு நாளைக்கு வாராகளாம். கல்லுல இருக்க தேதியையும் சர்டிபிகேட்டையும் ஒத்துப் பாத்து, பென்ஷன் வாங்குத பொம்பளைங்ககிட்ட வசூலிப்பாகளாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று நினைத்தது தவறு. ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லிலும் ஒரே ஒரு வரியை மட்டும் வெள்ளைச் சிமெண்டால் பூசிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களைப் பற்றித் தங்களிடம் மிச்சமிருந்த உண்மையான தேதிகளை அவர்களே தங்கள் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. நாற்று நடுகிற வயலில்போலப் பேச்சும் சிரிப்பும்கூட இருந்தன. "ஏ, அது எங்க மாமன், இறந்த தேதியையும் சேத்துப் பூசிராத, அப்புறம் உசுரோட இருக்காருன்னு வரி போட்டுருவான்" என்று யாரோ கத்தினார்கள்.

"மனுவுக்கு என்ன பதில் கொண்டாந்திருக்கீங்க?" என்றாள் சலேத்.

"பதில் இல்லம்மா."

அவள் அவரை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தாள்.

"இருட்டுதுக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும்" என்றாள். "செருப்பக் கழத்திட்டு வாங்க. அந்த வாளியில தண்ணி கூடிப் போச்சு, கொஞ்சம் சிமெண்டு போட்டுக் கிண்டுங்க."

கோமதிநாயகம் செருப்பைக் கழற்றினார். மணல் இன்னும் சுட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கலவையைக் கிண்டினார். அவள் காட்டிய கல்லின் முன்னால் முழங்காலிட்டார். யாரோ ஒரு சூசை மிராந்தா. பிறப்பு 19.3.1949. எழுத்துகள் ஆழமாக, கவனமாகச் செதுக்கப்பட்டிருந்தன. இரண்டு விரல்களால் சிமெண்டை அள்ளி முதல் ஒன்பதின் சுழிக்குள் வைத்து அழுத்தினார்.